தேர்டு பார்ட்டி என்பது யார்? வண்டி இன்சூரன்ஸ் ஏன் கட்டாயம்?

போன மாதம் என் அக்கா பையன் ஒரு பழைய 125 சிசி பைக் வாங்கினான். வீடு கடலூரில், வேலை புதுச்சேரியில். தினமும் ஆல்பேட்டை, ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று போய்வர வேண்டும், பஸ்ஸில் நேரம் சரிப்படவில்லை. வண்டியைக் காட்ட வந்தவனிடம் இன்சூரன்ஸ் இருக்கா என்று கேட்டேன். "முடிஞ்சு போச்சு மாமா, அப்புறம் கட்டிக்கலாம்" என்றான். நான் விடாமல் பேசவும் கொஞ்சம் எரிச்சலோடு சொன்னான்: "இன்சூரன்ஸ் இல்லன்னா என் வண்டிக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்குத்தான் நஷ்டம். என் வண்டி, என் காசு. இதுல கவர்மென்ட் எதுக்கு மாமா கட்டாயப்படுத்தணும்?"

அவன் கேட்டதில் தப்பே இல்லை, நிறையப் பேர் மனதில் இருக்கும் கேள்விதான். ஆனால் ஒரு இடத்தில் அவன் புரிந்துகொண்டது தலைகீழாக இருந்தது. சட்டம் கட்டச் சொல்லும் இன்சூரன்ஸ் அவனுடைய வண்டிக்கானது என்று நினைத்திருக்கிறான். அது அவன் வண்டிக்கு ஒரு ரூபாய்கூடத் தராது.

எந்த வண்டி பாலிசியிலும் இரண்டு பேர் ஒப்பந்தம் போடுகிறார்கள். முதல் ஆள் வண்டிக்காரர், இரண்டாவது ஆள் இன்சூரன்ஸ் கம்பெனி. இந்த இரண்டு பேரையும் தவிர்த்து ரோட்டில் இருக்கும் மற்ற எல்லாரும்தான் மூன்றாவது ஆள், அதாவது தேர்டு பார்ட்டி. மீன் கூடையோடு ரோட்டைக் கடக்கும் அம்மா, சைக்கிளில் டியூஷன் போகும் பிள்ளை, எதிரே வரும் ஆட்டோவில் உட்கார்ந்திருப்பவர், நம் வண்டி போய் மோதும் பெட்டிக்கடை, எல்லாம் தேர்டு பார்ட்டி. நம் வண்டியால் அவர்களுக்கு உயிரோ உடலோ பொருளோ சேதமானால் நாம் கொடுக்க வேண்டிய நஷ்டஈட்டை நமக்குப் பதிலாகக் கம்பெனி கொடுக்கும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவு கட்டாயமாக்கியிருப்பது இதை மட்டும்தான். உங்கள் வண்டிக்கு வரும் சேதம், திருட்டு, இதற்கெல்லாம் எடுக்கும் பாலிசி உங்கள் இஷ்டம், அதைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அவன் சொன்ன "என் வண்டி, என் காசு" நியாயத்தைச் சட்டமும் ஒத்துக்கொண்டுதான் இருக்கிறது என்று அவனிடம் சொன்னேன்.

சரி, இடித்தால் இடித்தவர் தன் கையிலிருந்து கொடுத்துவிட்டுப் போகட்டுமே, இடையில் கம்பெனி எதற்கு? இதற்குப் பதில் எங்கள் தெருவிலேயே இருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு பெயிண்டர் அண்ணன். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு சாயங்காலம் வேலை முடிந்து சைக்கிளில் திரும்பும்போது பெரியகங்கணாங்குப்பம் பக்கம் பின்னாலிருந்து ஒரு பைக் மோதியது. ஓட்டிய பையன் ஓடிப்போகவில்லை, நல்ல பையன், அவனே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தான். வண்டியின் இன்சூரன்ஸ் முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அண்ணனுக்கு வலது காலில் இரண்டு ஆபரேஷன். அதற்கப்புறம் சாரத்தில் ஏறி நிற்க முடியவில்லை, சாரத்தில் ஏற முடியாத பெயிண்டருக்கு யார் முழு வேலை கொடுப்பார்கள். கோர்ட்டில் எம்.சி.ஓ.பி., அதாவது விபத்து நஷ்டஈடு கேட்கும் மனு போட்டார்கள், நான்கு வருடம் நடந்தது, கிட்டத்தட்ட ஆறு லட்சம் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பும் வந்தது. இன்சூரன்ஸ் இல்லாததால் வண்டிக்காரர்தான் கொடுக்க வேண்டும். வண்டி அந்தப் பையனின் அப்பா பெயரில். அவர் மூட்டை தூக்கும் தொழிலாளி, வாடகை வீடு, ஜப்தி செய்ய ஒன்றுமில்லை. மகள் நகையை விற்றுக் கொஞ்சம், வட்டிக்கு வாங்கிக் கொஞ்சம் என்று எழுபதாயிரம் வரை கொடுத்தார், அதோடு நின்றுவிட்டது. தீர்ப்பு நகல் இன்னும் அண்ணன் வீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

இதில் யாரைக் குற்றம் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஆனால் அந்த பைக்குக்கு அன்று பாலிசி உயிரோடு இருந்திருந்தால் அந்த ஆறு லட்சமும் கம்பெனியிடமிருந்து வந்திருக்கும், இரண்டு குடும்பமும் தப்பித்திருக்கும்.

நஷ்டஈடு எவ்வளவு வரும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஏதோ பத்தாயிரம், இருபதாயிரம் என்று ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிக்கும் கணக்கை நினைத்துக்கொள்கிறோம். இந்த வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் கணக்குப் போடும் விதமே வேறு, அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். மாதம் 12,000 ரூபாய் சம்பாதிக்கும் 38 வயதுக் கொத்தனார் ஒருவர் விபத்தில் இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான அம்மா. அவர் உயிரோடு இருந்திருந்தால் சம்பளம் ஏறியிருக்கும் அல்லவா, அதற்காக 40 வயதுக்குக் கீழே உள்ள சொந்தத் தொழில்காரருக்கு 40 சதவீதம் கூட்டச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் தீர்ப்பளித்தது. அப்படியானால் மாதம் 16,800, வருடத்துக்கு 2,01,600. அவரை நம்பி நான்கு பேர் இருப்பதால் அவருடைய சொந்தச் செலவு என்று நாலில் ஒரு பங்கைக் கழித்தால் 1,51,200. இதை வயதுக்குத் தகுந்த ஒரு எண்ணால் பெருக்க வேண்டும், அதை மல்டிபிளையர் என்கிறார்கள், 2009-இல் சரளா வர்மா வழக்கில் வந்த அட்டவணைப்படி 36 முதல் 40 வயது வரை அந்த எண் 15. பெருக்கினால் 22,68,000 ரூபாய். ஈமச்சடங்குச் செலவு, துணையை இழந்ததற்கான தொகை, வட்டி எல்லாம் இதற்கு மேல்.

இது பெரிய சம்பளக்காரர் கணக்கு இல்லை, நம் தெருவில் தினமும் பார்க்கும் ஒருவருடைய கணக்கு. இருபத்திரண்டு லட்சத்தைக் கையிலிருந்து எடுத்து வைக்க நம்மில் எத்தனை பேரால் முடியும்? என்னால் முடியாது.

ஆனால் ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் முடியும், இன்சூரன்ஸின் அடிப்படையே அதுதான். 75 முதல் 150 சிசி வரை உள்ள பைக்குக்கு 2022 ஜூன் முதல் அரசு அறிவித்த தேர்டு பார்ட்டி கட்டணம் வருடத்துக்கு 714 ரூபாய், வரியோடு சேர்த்தால் 843 ரூபாய் ஆகும். 1,000 சிசி வரை உள்ள காருக்கு 2,094, 1,500 சிசி வரை 3,416. இந்தக் கட்டணத்தைக் கம்பெனி நிர்ணயிப்பதில்லை, அரசு நிர்ணயிக்கிறது, எந்தக் கம்பெனியில் போட்டாலும் ஒன்றுதான். 714 ரூபாய் கட்டும் 3,177 பைக்காரர்களின் ஒரு வருடப் பணம் சேர்ந்தால் மேலே சொன்ன கொத்தனாரின் குடும்பத்துக்குக் கொடுக்கும் தொகை வந்துவிடும். இதில் பாதிப் பேர் கட்டாமல் விட்டால்? கட்டாதவன் இடித்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு ஒன்றுமில்லை. கட்டியவர்களும் இன்னொரு நாள் கட்டாதவன் வண்டியில் அடிபடலாம். இதனால்தான் விருப்பமுள்ளவர்கள் கட்டலாம் என்று விட முடியவில்லை. ஆபத்தை உண்டாக்குபவர் ஒருவர், அடிபடுபவர் வேறொருவர். அடிபடுபவரால் முன்கூட்டியே "நீ பாலிசி எடுத்திருக்கிறாயா" என்று கேட்டுவிட்டு ரோட்டைக் கடக்க முடியாது.

இது புதிதாக வந்த சட்டமும் இல்லை. பிரிட்டனில் 1930-இல் கட்டாயமானது, இந்தியாவில் 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதி 1946 ஜூலையிலிருந்து நடைமுறைக்கு வந்தது. எண்பது வருடம் ஆகப்போகிறது, இன்னமும் நாட்டில் உள்ள வண்டிகளில் பாதிக்கும் மேல் இன்சூரன்ஸ் இல்லாமல் இருக்கின்றன என்று நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையே சொல்கிறது. எனக்கு இதுதான் பெரிய கவலை. சட்டம் சரியாக இருக்கிறது, பிடிப்பதுதான் சரியாக இல்லை. முதல் முறை பிடிபட்டால் 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, மறுபடியும் பிடிபட்டால் 4,000 ரூபாய். செக்போஸ்ட்டில் ஹெல்மெட் பார்ப்பது போல இதைப் பார்ப்பதில்லை, அதனால் யாருக்கும் பயமில்லை.

பெட்ரோல் விலை எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் மாறும், இந்தச் சட்டம் மாறாது. மத்தியச் சட்டம் என்பதால் புதுச்சேரியின் பிஒய் வண்டிக்கும் தமிழ்நாட்டின் டிஎன் வண்டிக்கும் ஒன்றுதான். எல்லைப் பகுதியில் இருக்கும் நமக்கு இதில் ஒரு உதவியும் இருக்கிறது: கடலூர்க்காரர் புதுச்சேரியில் அடிபட்டால் அங்கேதான் போய் வழக்குப் போட வேண்டும் என்று இல்லை. விபத்து நடந்த இடம், பாதிக்கப்பட்டவர் குடியிருக்கும் இடம், எதிராளி குடியிருக்கும் இடம், இதில் எந்த ஊர்த் தீர்ப்பாயத்திலும் மனு போடலாம். கால் உடைந்தவரை வாய்தாவுக்கு வாய்தா எல்லை தாண்டி அலையவிட வேண்டியதில்லை.

இனி எதிர்த்துச் சொல்பவர்களின் வாதங்கள். "நான் நிதானமா ஓட்டுறவன், எனக்கு எதுக்கு" என்பது அடிக்கடி கேட்பது. நிதானமாக ஓட்டுபவர் முன்னால் நாய் குறுக்கே ஓடாதா? நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு பின் விளக்கு இல்லாமல் போகும் டிராக்டரைக் கடைசி நொடியில் பார்த்துத் திருப்பும்போது பக்கத்தில் வருபவர் மீது உரசாதா? விபத்து என்று பெயர் வைத்ததே அது நினைத்து நடப்பதில்லை என்பதால்தான்.

"ஏழைகளுக்கு இது பாரம்" என்பது இரண்டாவது. இதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். மீன் விற்க டிவிஎஸ் எக்ஸ்எல் வைத்திருப்பவருக்கு ஒரே தடவையாக எடுத்துவைக்கும் எழுநூறும் பணம்தான். ஆனால் ரோட்டில் அதிகம் அடிபடுவது யார் என்றும் பார்க்க வேண்டும். நடந்து போகிறவரும் சைக்கிள்காரரும் பைக்கில் போகிறவரும்தானே. ஏழைக்குப் பாரம் என்று சொல்லிக் கட்டாயத்தை எடுத்தால் அதில் முதலில் கைவிடப்படுபவரும் ஏழைதான். கட்டணத்தை இன்னும் குறைக்க வழி தேடலாம், தவணையில் கட்ட விடலாம், அதெல்லாம் நியாயம்.

வேறு வழியே இல்லையா என்றால் இருக்கிறது. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பெரும்பாலான ஓட்டுநர்களுக்கு இன்சூரன்ஸ் கட்டாயமில்லை, ஆனால் விபத்துக்குக் காரணமானால் நஷ்டஈடு கொடுக்கும் சக்தி தனக்கு இருக்கிறது என்று காட்ட வேண்டும். நியூசிலாந்தில் 1974 முதல் விபத்தில் காயப்படும் யாருக்கும், தப்பு யாருடையது என்று பார்க்காமல், அரசு அமைப்பே செலவை ஏற்கிறது, அதற்கான பணத்தில் ஒரு பங்கை பெட்ரோல் விலையிலும் வண்டிப் பதிவுக் கட்டணத்திலும் சேர்த்து வாங்குகிறார்கள். தென்னாப்பிரிக்காவிலும் எரிபொருள் விலையிலிருந்து எடுத்து ஒரு நிதி நடத்துகிறார்கள். எனக்கு இந்த யோசனை பிடிக்கும், பெட்ரோல் போடாமல் யாரும் வண்டி ஓட்ட முடியாது என்பதால் யாரும் தப்பிக்க முடியாது, அதிகம் ஓட்டுபவர் அதிகம் கட்டுவார். ஆனால் தென்னாப்பிரிக்க நிதி பல வருடமாகக் கடனில் தத்தளிக்கிறது, பாதிக்கப்பட்டவர்கள் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பணம் ஒரே இடத்தில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. தனியாக ஒரு நிதி வைத்துக்கொண்டால் அரசு வண்டிகளுக்கும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் பாலிசி எடுப்பதிலிருந்து விலக்கு தரச் சட்டத்தில் இடமிருக்கிறது. "விபத்து நஷ்டஈடு வழங்காததால் அரசு பஸ் ஜப்தி" என்று பேப்பரில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். தீர்ப்பு வந்த பிறகும் பணம் வராமல், நிறைவேற்று மனு போட்டு, கோர்ட் அமீனா பஸ் நிலையத்துக்கே போய்ப் பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு வந்த பிறகுதான் ஒரு விதவைக்குப் பணம் கிடைக்கிறது என்றால் அது சரியில்லை. சாதாரண பைக்காரரிடம் கட்டாயம் என்று சொல்லும் அரசு தன் பஸ் இடித்த குடும்பத்துக்கு முதலில் கொடுக்க வேண்டும்.

இடித்துவிட்டு ஓடிப்போன வண்டி எதுவென்றே தெரியாவிட்டால், 2022 ஏப்ரல் முதல் உயிரிழப்புக்கு 2 லட்சமும் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் அரசு ஏற்பாட்டில் கிடைக்கும், அதற்கு வருவாய்த் துறை அதிகாரியிடம் மனு கொடுக்க வேண்டும். நிறையக் குடும்பங்களுக்கு இது தெரியாமலே போகிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த விபத்து என்றால் "இன்னுயிர் காப்போம்" திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். உயிரைக் காப்பாற்ற இது பெரிய உதவி, ஆனால் மூன்றாம் நாளிலிருந்து வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே, அதற்குத் தீர்ப்பாயத்தின் நஷ்டஈடுதான் வழி.

பாலிசி எடுத்திருந்தும் ஏமாறும் இடங்கள் சில இருக்கின்றன. முதலாவது பின் சீட். வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி, ஏஜென்டுகள் ஆக்ட் பாலிசி என்பார்கள், அதில் உங்கள் பைக்கின் பின்னால் உட்கார்ந்து வருபவர் சேர மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2006-லேயே சொல்லிவிட்டது. தினமும் மனைவியையோ பிள்ளையையோ ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் ஃபுல் இன்சூரன்ஸ், அதாவது பேக்கேஜ் பாலிசி எடுப்பதுதான் நல்லது. ஓட்டும் உரிமையாளருக்கு வேண்டியது 15 லட்ச ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பீடு, அது தனி, பாலிசி போடும்போது அந்தக் கட்டத்தை டிக் செய்ய மறந்துவிடாதீர்கள்.

அடுத்தது வெள்ளம். 2024-இல் ஃபெஞ்சல் புயலும் அதைத் தொடர்ந்து தென்பெண்ணை வெள்ளமும் வந்தபோது புதுச்சேரியிலும் கடலூரிலும் எத்தனை வண்டிகள் தண்ணீரில் நின்றன! தேர்டு பார்ட்டி மட்டும் வைத்திருந்தவர்களுக்கு அதற்கு ஒன்றும் கிடைக்காது. ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தும், தண்ணீர் புகுந்த வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்து இன்ஜினைப் போக்கிக்கொண்டால், இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாக எடுத்திருந்தால் ஒழியக் கம்பெனி தராது. மழை நின்றதும் சாவியைத் திருப்பாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டினால்? பல வழக்குகளில் நீதிமன்றங்கள் கம்பெனியை முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு, பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ள அனுமதிக்கின்றன. அடிபட்டவர் தப்பிக்கிறார், வண்டியைக் கொடுத்த அப்பா மாட்டுகிறார்.

நான் அதிகம் பயப்படுவது பழைய வண்டி விற்பவர்களுக்காகத்தான். பணத்தை வாங்கிக்கொண்டு வண்டியைக் கொடுத்துவிட்டு, ஆர்சி, அதாவது வண்டிப் பதிவுச் சான்றில் பெயர் மாற்றுவதை "அவரே மாத்திக்குவார்" என்று விட்டுவிடுகிறார்கள். ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், அவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. என்றோ விற்ற வண்டி வேறு யாரோ ஓட்டி எங்கோ இடித்ததற்கு உங்கள் பெயருக்கு சம்மன் வரும்.

என் அக்கா பையன் வாங்கிய பைக்கில் இதே சிக்கல்தான் இருந்தது. 2018 செப்டம்பருக்குப் பிறகு புது பைக் வாங்கினால் ஐந்து வருடத்துக்கும், கார் என்றால் மூன்று வருடத்துக்கும் தேர்டு பார்ட்டியைச் சேர்த்தே எடுக்க வேண்டும். கோயம்புத்தூர் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலை விபத்துகளைப் பற்றிப் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் கொண்டுவந்த ஏற்பாடு இது. நல்லதுதான், ஆனால் ஐந்து வருடம் நினைக்கவே வேண்டாம் என்று ஆனதும் அது முடியும் நாளும் மறந்துபோகிறது. இவன் வாங்கிய வண்டி 2019 மாடல். அரசின் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தோம், 2024-லேயே முடிந்திருந்தது, உரிமையாளர் பெயரும் பழையவர் பெயர்தான். இன்சூரன்ஸ் இல்லாமல் ஆர்சி மாற்ற முடியாது, ஆர்சியில் பெயர் இல்லாமல் இவன் பெயரில் பாலிசி போட முடியாது. விற்றவர் நல்ல மனிதர், பண்ருட்டிப் பக்கம். போன் செய்ததும் வந்தார், அவர் பெயரிலேயே பாலிசி போட்டு, பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கி ஆர்டிஓ ஆபீஸில் கொடுத்தோம். உரிமை மாறிய நாளிலிருந்து பதினான்கு நாளுக்குள் பாலிசியிலும் பெயர் மாற்றச் சொல்லிக் கம்பெனிக்கு எழுத வேண்டும், அந்தத் தேதியை அவன் போனில் குறித்து வைத்திருக்கிறான். அந்த வேலைகள் முடியும்வரை பைக் எங்கள் வாசலில்தான் நின்றது, அவன் பஸ்ஸில்தான் புதுச்சேரிக்குப் போய்வந்தான்.